நாடோடிகளும் மட்கலமும்

களமசேரிக்கு மாற்றலாகி வந்தபோது எங்கள் மண்சட்டி மட்டும் உடன் வரவில்லை. பித்தளையும் இரும்பும் சாக்கில் ஏறின; சட்டியை அண்டை வீட்டாருக்குக் கொடுத்துவிட்டு, மீன்குழம்பு வைக்க இங்கே வேறொன்று வாங்கினோம். ஊர்விட்டு ஊர் செல்வோருக்கு மட்கலம் ஒத்துவராது என்பதை நேயர்களில் பலரும் அறிவீர்கள். சரித்திர ஆசிரியர்களும் நெடுங்காலம் இவ்வாறே எண்ணினர். உழவு தோன்றி ஊர்கள் நிலைத்த பின்னரே குயத்தொழில் பிறந்தது என்றனர்.

அம்முடிவு நிலைக்கவில்லை. சீனத்துச் சியான்ரென்டாங் குகையில் கிடைத்த பானை ஓடுகள் ஏறத்தாழ 20,000 ஆண்டுப் பழமையுடையன என்று 2012-இல் அறிவிக்கப்பட்டது. உழவையே அறியாத வேட்டை மக்கள் வனைந்தவை அவை.

நம் தென்னாட்டிலும் இதற்கு அண்மையான சான்று உண்டு. கிருஷ்ணை, துங்கபத்திரை ஆறுகள் பாயும் பகுதிகளில் பெரிய சாம்பல் மேடுகள் காணப்படுகின்றன. அரக்கரை எரித்த சாம்பல் என்பது ஊரார் கதை. இன்றைய தெலங்கானாவிலுள்ள உட்னூர் மேட்டை 1957-இல் ஆல்ச்சின் என்னும் அறிஞர் அகழ்ந்தார். பட்டி அடைத்த வேலியின் கம்பக் குழிகளும், சாம்பலில் பதிந்த மாட்டுக் குளம்புச் சுவடுகளும் வெளிப்பட்டன. பட்டியிற் குவிந்த சாணத்தை அவ்வப்போது எரித்ததால் எழுந்த மேடு அது. ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே மாடு மேய்த்தவர்கள் மட்கலங்களையும் புழங்கினார்கள். அவற்றின் ஓடுகள் மேட்டிலேயே கிடைத்தன.

அக்காலத்துக் கலங்களிற் பெரும்பாலானவை சக்கரமின்றிக் கையால் வனைந்தவை. சூளையும் இன்றியமையாததன்று; விறகையும் வறட்டியையும் மூடிக் கொளுத்தினாலே கலம் வெந்துவிடும். மாட்டுமந்தை உடையவர்களுக்கு வறட்டிக்கா பஞ்சம்? வேண்டியதெல்லாம் களிமண்ணும், பச்சைக் கலம் உலரச் சில வெயில் நாட்களுமே. நாள்தோறும் நடப்பவனுக்கு அவ்வவகாசம் இராது. ஒரு பருவம் தங்குபவனுக்கு உண்டு. புறப்படும்போது அதைச் சுமக்கவும் வேண்டியதில்லை. அடுத்த பருவத்துக்கென அங்கேயே வைத்துப் போகலாம். உடைந்திருந்தால் வேறொன்று வனையலாம்.

ஆயினும் இவர்களை முழு நாடோடிகள் எனலாமா? கர்நாடகத்துப் புதிகாலில் 1990-களில் பத்தையா அகழ்ந்தபோது, சாம்பல் மேட்டை அடுத்து மக்கள் குடியிருந்த இடமும் வெளிப்பட்டது. சிலர் ஊரில் இருக்க, சிலர் மந்தையோடு சென்று மீண்டிருக்கலாம். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எனக்கும், இவர்களைக் குறிக்க ‘நாடோடி’ என்ற சொல்லை எழுதக் கை தயங்குகிறது.