ஏலமலை ஏறி ஊர் மீண்டோர்

மன்னர் சரித்திரமும் பாளையக்காரர் சரித்திரமும் எழுதுவார் பலர். உழவன் மகன் ஒருவன் பிழைப்பின் பொருட்டு மலையேறி, அங்கே உழைத்து, முதுமையில் தன் ஊர் மீளும் வரலாற்றை எழுதுவார் அரியர். போடிநாயக்கனூரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் நூறாண்டிற்கு மேலாகப் பல குடும்பங்களில் ஓரச்சில் வார்த்தாற்போல் நிகழ்ந்து வந்த வாழ்க்கை அதுவே. ஆகலின் ஒருவர் பெயரை விதந்தோதாது, அம்மரபினர் யாவர்க்கும் பொதுவாக அமைந்த வாழ்க்கையை ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

அவர்தம் இளமை புன்செய்க் காட்டிலே கழிந்தது. சோளமும் கம்பும் பருத்தியும் நிலக்கடலையுமே விளைவு. வரப்போரத்தில் இலவமரம் நிற்கும். குரங்கணி மலையினின்று இழியும் கொட்டகுடியாறு அண்மையில் ஓடினும் அதன் நீர் எல்லார் காட்டிற்கும் எட்டுவதன்று. தென்மேற்குப் பருவக்காற்று கொணரும் மழை மலைக்கு அப்பாலே பொழிந்து தீர, நம் பக்கத்திற்குக் காற்று மட்டுமே வந்து சேரும். மாடு மேய்க்கும் சிறுவன் ஆடித் திங்களில் மேற்கே நோக்குவானாயின், கரிய மேகம் முகட்டைத் தழுவி நிற்கக் காண்பான். அவன் தலைமேலோ வெயில் காயும். கிணறு வற்றினாலும் தீர்வை வற்றாது. 1948-ஆம் ஆண்டின் சட்டத்தால் ஜமீன் முறை ஒழியும் வரை அத்தீர்வை ஜமீனுக்கே உரியதாயிருந்தது. மழை மறைந்த இந்நிலத்தின் வறட்சியே அவனை மலைக்கு ஏற்றியது என்பது எம் கருத்து. பொன்னாசையால் ஏறினான் என்பாரோடு யாம் உடன்படோம்.

அம்மலை திருவாங்கூர் சமஸ்தானத்தைச் சார்ந்தது. ஏலக்காய் நெடுங்காலம் அரசினரின் தனியுரிமைச் சரக்காய் இருந்தது. பயிரிட்டவன் விளைந்தது முழுவதையும் சர்க்கார் பண்டகசாலையில் ஒப்புவித்துத் தன் பங்கை மட்டும் பெறுவான்; கைப்பிடிக் காயையேனும் தானே விற்றால் குற்றமாம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வுரிமை நீங்கி நிலவரி ஏற்பட்டது. 1897-இல் ஏலமலைக் காடு பற்றிய அரசாங்க விளம்பரமும் வெளிவந்தது. காட்டை அழித்தலாகாது, அதன் நிழலிலே ஏலம் பயிரிடலாம் என்னும் ஏற்பாட்டின்கீழ்க் கம்பம் பள்ளத்தாக்கினரும் போடி வட்டாரத்தினரும் பற்று நிலம் கொண்டனர். அந்நிலம் காடோ வருவாய் நிலமோ என்னும் வழக்கு இன்றளவும் ஓய்ந்தபாடில்லை.

இனி மலையிலே அவன் பெற்ற கல்வியைக் கூறுவோம். போடிமெட்டு கடல் மட்டத்திற்கு 4000 அடிக்கு மேற்பட்ட உயரத்தது. கல்லும் வேரும் நிறைந்த ஒற்றையடிப் பாதையில் தலைச்சுமையோடு ஏறுவோர் ஒருபால், பொதி சுமக்கும் விலங்குகள் ஒருபால். மேலே சென்றால் அட்டை கடிக்கும். குளிர் எலும்பைத் தொடும். மலைக்காய்ச்சலோ ஆளையே கொண்டுபோகும். அஞ்சியே பலரும் மனைவி மக்களைக் கீழே ஊரில் விட்டுத் தாம் தனித்துச் சென்றனர். ஏலச்செடி நட்ட மூன்றாம் ஆண்டிலே காய்க்கத் தொடங்கும். அதன் காய் கிளையில் தொங்குவதன்று. செடியின் அடியில், நிலத்தோடு படர்ந்த சரத்திலே காய்ப்பது. ஆதலின் எடுப்பவர் நாள் முழுதும் குனிந்தே இருத்தல் வேண்டும். எல்லாக் காயும் ஒருங்கே முதிரா. ஆவணி முதல் தை வரை மாதத்திற்கு ஒரு முறையோ சற்றுத் தள்ளியோ மீண்டும் மீண்டும் எடுப்பர். எடுத்த காயை ஸ்டோர் என வழங்கும் உலர்த்தும் கூடத்திற்குக் கொண்டுசென்று, குழாய் வழிச் செலுத்திய சூட்டில் பசுமை கெடாது உலர்த்துவர். ஐந்து பங்கு பச்சைக்காய்க்கு ஒரு பங்கு உலர்காய் கிடைத்தால் நன்று. சூடு மிகின் காய் வெடிக்கும். குறையின் நிறம் வெளுக்கும். இரவெல்லாம் விழித்திருந்து இப்பக்குவத்தைக் கைக்கொண்டவன் எடுபிடி ஆளாய்ப் புகுந்து கங்காணியாயினான், கணக்கப்பிள்ளையாயினான்; சிலர் தாமே பற்றுதாரரும் ஆயினர்.

தமிழாசிரியராகிய எமக்கு ஈண்டு ஒன்று சொல்லத் தோன்றுகின்றது. ஏலம் என்னும் பயிர்ப்பெயர் நம் மொழியிற் பழையது. கூவி விற்கும் ஏலமோ போர்த்துகீசியர் வாய்மொழி வழியாக வந்தது. பிறப்பால் வேறாய இவ்விரு சொற்களும் போடியிலே ஒரே கூடத்திற் குடியிருக்கின்றன.

சரக்கு இறங்கிய வழியும் அறியத்தக்கது. மூணாற்றுத் தேயிலையின் பொருட்டு 1902-இல் ஒற்றைத் தண்டவாளப் பாதை குண்டளைப் பள்ளத்தாக்கிலே அமைந்தது. 1908-இல் அது குறுகிய இருப்புப் பாதையாயிற்று. அதன் இறுதி நிலையமாகிய டாப் ஸ்டேஷனினின்று கொட்டகுடி வரை கம்பிவடத்தில் பெட்டிகள் தொங்கி இறங்கும். அப்பால் வண்டியேறிப் போடி சேரும். 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அவ்விருப்புப் பாதையை அடியோடு அழித்தது. 1928-இல் மதுரையினின்று போடிக்கு இரயில் வந்தது. அதற்கு முன் புகைவண்டி காண அம்மையநாயக்கனூர் வரை செல்லல் வேண்டும். உலகப் போரின் தேவைக்காகத் தண்டவாளங்களைப் பெயர்த்துச் சென்றமையால் அவ்வண்டியும் நின்றது. போர் முடிந்து பல்லாண்டு கழித்தே மீண்டது.

1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்திலேயே நின்றன. உடும்பன்சோலைப் பகுதியும் அவ்வாறே. அதற்கு முன்னும் அது வேற்றரசின் நிலமே. ஆயினும் பின்னரே வேற்றுமை நன்கு உறைத்தது. வீடு தமிழ்நாட்டில், தோட்டம் கேரளத்தில். பத்திரம் மலையாளத்தில், பெயரோ தமிழில். தகப்பன் பெயரில் ஓரெழுத்துப் பிறழ்ந்தமைக்காக அலுவலகப் படிகளில் ஏறி இறங்கிய முதியோரை யாம் அறிவோம். நாற்பதாண்டு பேணிய நிலத்திற்கு, தான் அறியா எழுத்தில் தன் உரிமையை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. மலைக்காய்ச்சலினும் இது கொடிது என்று அவர் கூறின், மிகையென எண்ணற்க.

முதுமையில் முழங்கால் தளர அவன் ஊர் மீண்டான். பிறந்த காட்டில் கிணறு தூர்ந்திருக்கும். மக்கள் மலையிலேயே குடியமர்ந்திருப்பர், அன்றேல் நகரங்களில் உத்தியோகம் பார்ப்பர். ஆயினும் அவன் வாளாவிருப்பதில்லை. போடியிலே பெண்கள் சுளகில் ஏலக்காய் தெரிந்து தரம் பிரிக்கும் கூடங்களுக்குச் சென்று அமர்வான். ஒரு காயை உள்ளங்கையிலிட்டு உருட்டி, எவ்வுயரத்தில் விளைந்தது, எத்தனை நாழிகை சூடு ஏற்றது என்று உரைப்பான். 1966-இல் ஏலக்காய் வாரியமும், 1987-இல் அதன் கடமைகளையும் மேற்கொண்ட நறுமணப்பொருள் வாரியமும் தோன்றின. இக்காலத்து விற்பனை மின்னணுத் திரையிலே நடைபெறுகின்றது. குவாதமாலா என்னும் அயல்நாட்டு விளைவும் நம் விலையை அசைக்கின்றது. திரையில் எண் மாறுவதை அம்முதியோனும் பார்த்திருப்பான். பின்பு தட்டிலுள்ள காயைத் தொட்டுப் பார்ப்பான்.

2010-இறுதியில் நின்ற இரயில் அகலப் பாதையாய்த் திருந்தி 2023 ஜூன் 15-இல் மீண்டும் போடி வந்தடைந்தது. அவ்வண்டியைக் காண வேண்டியவருட் பலர் அப்போது இல்லை. அவர்தம் கணக்கேடுகளும் கூலிப் பதிவுகளும் பழைய வரி ரசீதுகளும் இன்னும் பல வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. எம்மிடம் பயிலும் மாணவர் சிலர் பாட்டனார் ஏடென்று கொணர்ந்து காட்டியவற்றில் மழை பெய்த நாளும், காய் இறங்கிய எடையும், காய்ச்சல் கண்டார் பெயரும் ஒருங்கே எழுதப்பட்டிருக்கக் கண்டோம். இவ்விதழ் காணும் அன்பர்கள் தத்தம் இல்லத்துப் பரணை ஒருமுறை நோக்கி, அத்தகைய ஏடுகள் உளவேல் கறையான் முந்துமுன் இறக்கி வெயிலில் உலர்த்தி வைப்பார்களாக. படி எடுத்துத் தரும் பணியை யாம் ஏற்கின்றோம்.