அழுத்தமறியும் பாலிமர்க் கலவை

மின்சாரம் பாயாத ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ நுண்ணிய கரித்தூளைக் கலந்து செய்யப்படும் பொருள் இது. கரி குறைவாக இருக்கும்வரை துகள்கள் தனித்தனியே கிடக்கும். ஓர் எல்லையைத் தாண்டியதும் அவை தொடர்ச்சியான மின்பாதை அமைக்கும். அந்த எல்லையை ஒட்டிக் கலந்த தகட்டை அழுத்தினால் துகள்கள் நெருங்கி மின்தடை சட்டென்று இறங்கும். சிதறிய துகள்களின் ஊடே பாதை எப்போது திறக்கும் என்ற கணிதத்தை பிராட்பென்ட், ஹேமர்ஸ்லி இருவரும் 1957இல் வகுத்தனர். 2000ஆம் ஆண்டின் நோபல் பரிசுக்குக் காரணமான, தானாகவே மின்சாரம் கடத்தும் பாலிமர்கள் வேறு இனம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பொருள் எப்படி வந்தது என்பதைவிட, அது யாருக்குத் தேவைப்பட்டது என்பதே முக்கியமான வரலாறு. 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதங்கள் அழிவதற்குக் காரணம் தசை அழுகல் அல்ல, வலி தெரியாமல் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விழும் அழுத்தமே என்று நிறுவினார். வேலூரும் அருகிலுள்ள கரிகிரி தொழுநோய் மருத்துவமனையும் தந்த எம்.சி.ஆர். (நுண்ணறை ரப்பர்) செருப்பு அந்த அழுத்தத்தைப் பரப்பியது. ஆனால் எங்கே எவ்வளவு அழுந்துகிறது என்று காட்டக் கருவி வேண்டுமே! அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்ட், அழுத்தத்தில் உடைந்து சாயம் கசியும் நுண்குமிழ்கள் கொண்ட காலுறையைச் செய்து பார்த்தார். 1969இல் அதுபற்றி எழுதவும் செய்தார். சாயம் ஒருமுறைதான் பேசும். ஒவ்வொரு அடியையும் பதிவுசெய்யும் வளையக்கூடிய தகடுகள், 1985இல் தொடங்கிய இன்டர்லிங்க், 1987இல் தொடங்கிய டெக்ஸ்கேன் போன்ற நிறுவனங்கள் வழியாகவே பரவின.

இந்தத் தகடுகள் துல்லியமற்றவை என்ற ஆட்சேபம் நியாயமானது. பாரம் ஏறும்போது ஓர் அளவும் இறங்கும்போது வேறோர் அளவும் காட்டும்; வெப்பத்திலும் ஈரத்திலும் அளவு நகரும். ஆயினும் புண் வராமல் காக்க, முன்பாதத்தின் எந்த எலும்பின் கீழ் சுமை மிகுதி என்ற ஒப்பீடே முதலில் தேவை. அவ்வப்போது தரம்பார்த்த தகடு அதைச் சொல்லிவிடும். இரண்டாவது ஆட்சேபம் ஆழமானது. எச்சரிக்கை ஒலி தரும் கருவிகளைப் பிராண்டின் குழு செய்தபோது, நோயாளிகள் அதைப் பொருட்படுத்தாமல் வேலையைத் தொடர்ந்தனர். ஒலி வலிக்கு ஈடாகாது. ஆகவே இந்த அழுத்த உணரியின் இடம் எச்சரிக்கை மணியில் அல்ல, செருப்பைச் செதுக்கும் பட்டறையில்தான் என்று கருதவேண்டும். இதேபோல் கால் மரத்துப்போகும் சர்க்கரை நோயாளிகளிடம் சென்னையில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், சிகிச்சைச் செருப்பு அணிந்தவர்களுக்குக் காலடி அழுத்தமும் புதுப் புண்களும் குறைந்திருந்தன.

ஆனால் காவிரிப் படுகைக்குச் செருப்பு மட்டும் போதாது. நாகூரைச் சுற்றியுள்ள வயல்களில் நாற்று நடுவோர் வெறுங்காலோடு இறங்குகிறார்கள். அங்குள்ள தர்காவுக்குள்ளும் செருப்பு இல்லை. வேளாங்கண்ணிக்கு யாத்திரையாக நடப்போரில் பலர் வெறுங்காலோடு செல்கிறார்கள். செருப்புக்குள் வைத்த உணரி இவர்களிடம் எதையும் அளக்காது. மூலப்பொருளோ கரியும் ரப்பரும்தான். அந்தக் கலவையை உப்புக்காற்றும் ஈரமும் புகாதபடி மூடி, மிதித்து நடக்கும் பலகையாக்கி, ஆரம்ப சுகாதார நிலையங்களில் வைத்தால், மரத்துப்போன கால்களில் புண் எங்கே வரக்கூடும் என்பதை முன்கூட்டியே அறியலாம்.