மணல் செய்யும் பாதி வேலை: கழிவுநீர், பற்றீரியா, நம்மட கிணறு

சாதாரண தர விஞ்ஞானத்தில் நைதரசன் வட்டத்தை வரையாத ஆள் நம்மில் யாரும் இருக்க முடியாது. அமோனியா, நைத்திரைற்று, நைத்திரேற்று என்று அம்புக்குறிகள் சுற்றி வந்து, கடைசியில் நைதரசன் வாயுவாகத் திரும்ப வளிமண்டலத்துக்குப் போகும். பரீட்சைக்கு வரைந்துவிட்டு மறந்திருப்போம். ஆனா அந்த வட்டத்தின் ஒரு பாதி மருதமுனையில், மலசலகூடக் குழிக்கும் கிணத்துக்கும் இடையில், இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. மற்றப் பாதி ஓடுவது அரிது. கழிவுநீரைச் சுத்திகரித்த மனிதர்களின் வரலாற்றிலும் இதே பிரச்சினைதான் இருந்திருக்கிறது. முதல் பாதியைக் கண்டுபிடித்துவிட்டு, வேலை முடிஞ்சுது என்று பல பத்தாண்டுகள் நம்பியிருந்தார்கள். அந்த வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறோம். நம்மட தண்ணியை விளங்கிக்கொள்ள அது தேவை.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். கிழக்கே கடல், மேற்கே வெள்ளாமை வட்டை, நடுவில் பெரியநீலாவணைக்கும் பாண்டிருப்புக்கும் இடையில் ஒரு மணல் பட்டி. அதுதான் ஊர். மாரி மழை மணலில் இறங்கி, கீழே உள்ள உப்புத் தண்ணிக்கு மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. கிணறு தொடுவது அந்தப் படையைத்தான். மலசலகூடக் குழி கசிவதும் அதே படைக்குள்தான். ஒரு ஆள் வருடத்துக்கு ஏறக்குறைய 3 முதல் 4 கிலோ நைதரசனை, பெரும்பாலும் சிறுநீராக, வெளியேற்றுகிறார். 50 கிலோ யூரியா மூட்டையில் இருக்கும் நைதரசன் 23 கிலோ. அப்ப, ஐந்து பேர் இருக்கும் ஒரு வீடு ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய முக்கால் மூட்டை யூரியாவுக்குச் சமமான நைதரசனைத் தன் வளவுக்குள்ளேயே இறக்குகிறது. கொஞ்சம் குழியின் சேத்தோடு தங்கும். மிச்சம் எங்கே போகிறது?

வெடியுப்பும் ஒரு கண்ணாடிக் குழாயும்

அந்தக் கேள்விக்கான பதில் துப்பாக்கி மருந்திலிருந்து தொடங்குகிறது. 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் பீகாரிலிருந்து வெடியுப்பைக் கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைத்திரேற்று. அங்கே நுனியா சமூகத்தவர் மாட்டுப்பட்டி ஓரத்தில், பழைய சுவர் ஓரத்தில் மண்ணைச் சுரண்டி, தண்ணியில் கரைத்து, காய்ச்சி அந்த உப்பை எடுத்தார்கள். மூத்திரம் ஊறிய மண்ணில் வெடியுப்பு விளையும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஏன் விளைகிறது என்பது யாருக்கும் தெரியாது. வெறும் இரசாயன மாற்றம் என்றே பலரும் நினைத்தார்கள். அது நுண்ணுயிரின் வேலையாக இருக்கலாம் என்று 1860களில் லூயி பாஸ்டர் சந்தேகப்பட்டார்.

1877இல் பரிஸில் தியோபில் ஷ்லோசிங், அஷில் முன்ட்ஸ் என்ற இரண்டு பேர் அதைச் சோதித்தார்கள். பரிஸ் நகரத்துக் கழிவுநீரைப் பயிர் நிலத்தில் விட்டால் சுத்தமாகுமா என்பதுதான் அவர்களுக்கு முன்னால் இருந்த கேள்வி. ஒரு மீற்றர் நீளமான கண்ணாடிக் குழாயில் சுட்ட மணலையும் கொஞ்சம் சுண்ணக்கல் தூளையும் நிரப்பி, மேலிருந்து கழிவுநீரை மெதுவாகச் சொட்டவிட்டார்கள். ஏறக்குறைய 20 நாட்கள், மேலே போன அமோனியா அப்படியே கீழே வந்தது. பிறகு திடீரென்று நைத்திரேற்று வரத் தொடங்கியது. நாளாக ஆக அமோனியா முழுவதும் நைத்திரேற்றாக மாறியது. வெறும் இரசாயனம் என்றால் 20 நாள் காத்திருக்கத் தேவையில்லை. ஏதோ ஒன்று அங்கே குடியேறிப் பெருகியிருக்க வேண்டும். குளோரோபோம் ஆவியை உள்ளே விட்டார்கள், நைத்திரேற்று நின்றுபோனது. ஆவியை அகற்றிவிட்டு, கொஞ்சம் தோட்டத்து மண் கரைத்த தண்ணியை ஊற்றினார்கள், திரும்பவும் வந்தது. மணலுக்குள் உயிர் இருந்தது.

இந்தப் பரிசோதனையைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. மேலே கழிவுநீர், நடுவில் காற்றோட்டமான மணல், கீழே வடிந்த தண்ணி. நம்மட வளவுகளில் இருக்கும் அமைப்பும் இதுதான். 150 வருடத்துக்கு முன்னால் பரிஸில் கண்ணாடிக் குழாய்க்குள் நடந்த வேலை, நம்மட மணலில் யாரும் சொல்லாமலே நடக்கிறது.

நைத்திரேற்று வந்தால் தண்ணி சுத்தம்

இங்கிலாந்தில் ரொதம்ஸ்டெட் ஆய்வுநிலையத்தில் இருந்த ரொபர்ட் வாரிங்டன், இந்த மாற்றம் இரண்டு படிகளில் நடக்கிறது என்று காட்டினார்: முதலில் அமோனியா நைத்திரைற்றாகும், பிறகு நைத்திரைற்று நைத்திரேற்றாகும். ஆனா அந்தப் பற்றீரியாவைத் தனியாகப் பிரித்தெடுக்க அவரால் முடியவில்லை. அந்தக் காலத்து ஆய்வுகூடங்களில் பற்றீரியா வளர்த்தது ஜெலற்றினில். இந்தப் பற்றீரியாவுக்கோ அந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. 1890இல் சூரிச்சில் செர்கேய் வினோகிராட்ஸ்கி சேதனப் பொருள் எதுவும் இல்லாமல், அமோனியா உப்பை மட்டும் கொடுத்து அவற்றை வளர்த்தெடுத்தார். அமோனியாவை எரித்து சக்தி பெற்று, காபனீரொட்சைட்டிலிருந்து உடம்பைக் கட்டும் உயிர்கள் அவை. அந்த எரிப்புக்கு ஒட்சிசன் கட்டாயம் வேண்டும்.

கழிவுநீர்ப் பொறியியலாளர்களுக்கு இது பெரிய நல்ல செய்தி. அமோனியா நாறும், ஆற்றின் ஒட்சிசனைக் குடிக்கும், மீனைக் கொல்லும். நைத்திரேற்றுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஆகவே சுத்திகரித்த தண்ணியில் நைத்திரேற்று நிறைய இருந்தால் சுத்திகரிப்பு நன்றாக நடந்திருக்கிறது என்று முடிவு செய்தார்கள். நைத்திரேற்று ஒரு சான்றிதழ் மாதிரி.

அந்தச் சான்றிதழை விரைவாகப் பெறும் வழி 1914இல் மன்செஸ்டரில் பிறந்தது. எட்வர்ட் ஆடர்னும் வில்லியம் லொக்கெற்றும் போத்தலில் இருந்த கழிவுநீருக்குள் காற்றை ஊதினார்கள். முழுவதும் நைத்திரேற்றாக ஐந்து கிழமை பிடித்தது. அடியில் படிந்த சேற்றை எறியாமல் வைத்துக்கொண்டு, அதற்கு மேல் புதுக் கழிவுநீரை ஊற்றி மீண்டும் ஊதினார்கள். சேறு சேரச் சேர ஐந்து கிழமை வேலை ஒரு நாளுக்குள் முடிந்தது. காரணம், அந்தச் சேறு முழுக்கப் பற்றீரியா. "உயிர்ப்பூட்டிய சேறு" என்ற இந்த முறைதான் இன்றைக்கும் உலகத்தின் பெரிய நகரங்களில் ஓடுகிறது.

இந்த யோசனையைத் தூண்டிய பேராசிரியர் கில்பர்ட் பௌலர் 1916இல் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்துக்கு வந்தார். நைதரசனை எப்படி ஒழிப்பது என்பதை விட, அதை எப்படி வயலுக்குப் பசளையாகக் காப்பாற்றுவது என்பதே இங்கே அவருக்கு முக்கியமான கேள்வியாக மாறியது. 1934இல் இதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். அதே நிறுவனத்தில் பின்னர் வெ. சுப்ரமணியனும் எஸ். சி. பிள்ளையும் சேற்றில் வாழும் புரட்டசோவாக்களின் பங்கை ஆராய்ந்து 1942இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். கழிவுநீர் விஞ்ஞானத்தை ஐரோப்பா மட்டும் செய்ததாகப் பாடப்புத்தகம் சொன்னாலும் உண்மை அப்படியில்ல.

யாரும் விரும்பாத மற்றப் பாதி

1880களில் பிரான்சின் போர்டோவில் உளிஸ் கயோனும் டுபெடியும் இன்னொரு வகைப் பற்றீரியாவைக் கண்டார்கள். காற்று இல்லாத இடத்தில், ஒட்சிசனுக்குப் பதிலாக நைத்திரேற்றைச் சுவாசிக்கும் பற்றீரியா. அப்படிச் சுவாசிக்கும்போது நைத்திரேற்று உடைந்து நைதரசன் வாயுவாக மேலே போய்விடுகிறது. பாடப்புத்தகத்தில் நைதரசனிறக்கம் என்று படித்தது இதுதான். வட்டத்தின் மற்றப் பாதி கண்டுபிடிக்கப்பட்டாச்சு. ஆனா அதை யாரும் கொண்டாடவில்லை. விவசாய விஞ்ஞானிகளுக்கு அது பசளையைத் திருடும் கள்ளன்.

நம்மட வட்டையிலும் அந்தக் கள்ளன் இருக்கிறான். தண்ணி கட்டிய வயலில் மேலே ஒரு மெல்லிய படையில் ஒட்சிசன் இருக்கும், அதற்குக் கீழே சேற்றில் இருக்காது. மேற்படையில் அமோனியா நைத்திரேற்றாகும். அது கீழே இறங்கியதும், சேற்றின் காபனைச் சாப்பிடும் பற்றீரியாக்கள் அதை வாயுவாக்கிவிடும். ஜப்பானிய விஞ்ஞானிகள் 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் இதை விளங்கிக்கொண்டு, பசளையை ஆழத்தில் இடச் சொன்னார்கள். யூரியாவை ஒரேயடியாக எறியாமல் தவணை தவணையாக இடச் சொல்வதற்கும் இந்த இழப்பு ஒரு காரணம்.

ஆக, ஊருக்கு மேற்கே வயல் இரண்டு பாதி வேலையையும் செய்கிறது. ஊருக்குள் மணல் முதல் பாதியோடு நிற்கிறது. இரண்டாம் பாதிக்கு இரண்டு பொருத்தம் வேண்டும்: ஒட்சிசன் இல்லாமை, சாப்பிடக் காபன். காற்றோட்டமான மணலில் முதலாவது கிடைப்பது கஷ்டம். இரண்டாவதோ வழியிலேயே எரிந்து முடிந்துவிடுகிறது. பாவு போட்டாச்சு, ஊடு நூல் ஓடல்ல. நைத்திரேற்று அப்படியே நிலத்தடி நீரோடு நடக்கிறது.

சான்றிதழ் குற்றப்பத்திரிகையானது

1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹன்டர் கொம்லி என்ற வைத்தியர், உடம்பு நீலம் பாய்ந்த கைக்குழந்தைகளைப் பற்றி எழுதினார். இருதயத்தில் கோளாறு இல்லை. பால்மாவைக் கரைத்தது பண்ணைக் கிணத்துத் தண்ணியில். அந்தத் தண்ணியில் நைத்திரேற்று மிக அதிகம். குழந்தையின் உடலுக்குள் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் ஆக்கியது. உலக சுகாதார நிறுவனம் இன்று சொல்லும் எல்லை, ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. போத்தல் பால் குடிக்கும் குழந்தைகளை மனதில் வைத்துப் போட்ட எல்லை அது.

அதன் பிறகுதான் மற்றப் பாதிக்கு மதிப்பு வந்தது. 1962இல் அமெரிக்காவில் லட்சாக், எட்டிங்கர் இருவரும் காற்று ஊதும் தொட்டிக்கு முன்னால் காற்றில்லாத பகுதி ஒன்றை வைத்தார்கள். 1970களின் தொடக்கத்தில் தென்னாபிரிக்காவின் பிரிட்டோரியாவில் ஜேம்ஸ் பார்னாட் அதைத் திருத்தி வளர்த்தார். தண்ணித் தட்டுப்பாடுள்ள நாடு அது, மேல் ஊரின் கழிவுநீர் கீழ் ஊரின் குடிநீராகும். அவர்களுடைய தந்திரம் எளிது: காற்று ஊதி நைத்திரேற்றான தண்ணியைத் திரும்ப முன் தொட்டிக்கு அனுப்பு, அங்கே புதிதாக வரும் கழிவுநீரிலேயே காபன் இருக்கிறது, பற்றீரியா மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

1990களில் நெதர்லாந்தின் டெல்ப்டில் இன்னுமொரு குறுக்கு வழி தெரியவந்தது. அமோனியாவையும் நைத்திரைற்றையும் சேர்த்து, காபனே இல்லாமல், நேரே நைதரசன் வாயுவாக்கும் பற்றீரியா. இப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று 1977இலேயே ஒஸ்திரியாவின் எங்கல்பெர்ட் புரோடா கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். முதல் முழு அளவுத் தொட்டி 2002இல் ரொட்டர்டாமில் தொடங்கியது. மிக மெதுவாகப் பெருகும் உயிர் என்பதால் அது முழு வேகத்துக்கு வர மூன்றரை வருடம் எடுத்தது.

நம்மட மணலுக்கு என்ன?

யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் கிணறுகளிலும் கற்பிட்டி மணல் கிணறுகளிலும் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வாளர்கள் 1980களிலேயே எழுதினார்கள். அங்கே பசளைக்கும் பெரும் பங்கு உண்டு. நம்மட பட்டியில் தோட்டம் குறைவு, ஆனா வீடுகள் நெருக்கம், குழிகளும் நெருக்கம்.

குழிக்கும் கிணத்துக்கும் இடையில் தூரம் விடச் சொல்வார்கள். அந்தத் தூரம் கிருமிக்கு. நடக்க நடக்கக் கிருமி செத்துவிடும். நைத்திரேற்று சாகாது, மழைத்தண்ணியோடு கலந்து ஐதாகும், அவ்வளவுதான். குளோரின் போட்டாலும் போகாது. கொதிக்க வைத்தால் தண்ணி வற்றி அதன் செறிவு கூடத்தான் செய்யும். பால்மா கரைக்கும் உம்மாமாருக்கு இந்த ஒரு வரியாவது போய்ச் சேர வேண்டும்.

குழாய்த் தண்ணி வந்துட்டுதே, கிணறு எதுக்கு என்று கேட்கலாம். உடுப்புக் கழுவவும் வுழூ எடுக்கவும் நைத்திரேற்று தடையில்லை, உண்மைதான். ஆனா குழாய் நிற்கும் நாளில் நாம் எட்டிப் பார்ப்பது கிணத்தைத்தான். 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறி வந்து கிணறுகளை உப்பாக்கியபோது, அந்த மெல்லிய நன்னீர்ப் படையின் அருமை நமக்கு விளங்கியது. உப்பை மழை கழுவும். வருடா வருடம் இறங்கும் நைதரசனை மழை கழுவி முடியாது, நாம் இறக்குவதை நிறுத்தும்வரை.

பெரிய சுத்திகரிப்பு நிலையம் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டுமா? கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரொபர்ட்சனும் ஜோன் செரியும் 1995இல் ஒரு வழியைக் காட்டினார்கள். மணல் நிலத்தில், குழித் தண்ணி வடியும் பாதையில், மணலோடு மரத்தூளைக் கலந்து ஒரு படை போட்டார்கள். நீர் நிரம்பிய மரத்தூளுக்குள் காற்று இல்லை, காபன் தாராளம். மற்றப் பாதிப் பற்றீரியா தானாகக் குடியேறி நைத்திரேற்றில் பெரும் பகுதியை வாயுவாக்கியது. மோட்டர் இல்லை, கரண்ட் இல்லை. மரத்தூளும் தும்புச்சோறும் நமக்கும் புதுசு இல்ல. நம்மட வெப்பத்தில், மாரியில் ஏறி இறங்கும் நம்மட நீர்மட்டத்தில் அது எத்தனை வருடம் தாங்கும் என்பதை ஒலுவிலிலும் சம்மாந்துறையிலும் படிக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு இறுதியாண்டுச் செயற்றிட்டமாகவே எடுக்கலாம்.

அதற்கு முன்னால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நைத்திரேற்றுச் சோதனைத் தாளைத் தண்ணியில் நனைத்து நிறத்தைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். ஒழுங்கைக்கு நாலு கிணறு, மாரிக்கு ஒரு தடவை, கோடைக்கு ஒரு தடவை அளந்து, ஊர்ப் படத்தில் புள்ளி வைத்தால் எந்தப் பக்கம் கூடுது என்று தெரிந்துவிடும். குழி நிறைந்தால் வரும் பவுசர் அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது, அங்கே இரண்டு பாதி வேலையும் நடக்கிறதா என்ற கேள்வியையும் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கலாம். உயர்தரத்தில் உயிரியலும் இரசாயனமும் படிக்கிற தம்பி தங்கச்சிமார் யாராவது இதற்கு வருவதாக இருந்தால் நாங்களும் வாளியோடு வருகிறோம்.