ஓர் அன்னை திருத்திய ஆணை

திருமதீனாவின் தொழுகைத் திடலில் வணிகக் கூட்டமொன்று வந்திறங்கியிருந்தது. அன்றிரவு அதற்குக் காவல் நின்றவர்கள் இருவர். ஒருவர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள், மற்றவர் கி.பி. 634 முதல் 644 வரை ஆட்சி புரிந்த கலீபா உமர் (ரலி) அவர்கள். கி.பி. 845இல் மறைந்த வரலாற்றாசிரியர் இப்னு சஅத் தமது ‘தபகாத்’தில் இந்நிகழ்ச்சியைப் பதிந்துள்ளார்.

இரவில் ஒரு குழந்தை வீறிட்டழுதது. குழந்தையைக் கவனிக்குமாறு அதன் தாயிடம் கூறிக் கலீபா திரும்பினார்கள். மீண்டும் அழுகை, மீண்டும் அறிவுரை. மூன்றாம் முறையும் அழுகுரல் எழவே, அவளைக் கடிந்துகொண்டார்கள். தன் முன் நிற்பவர் இன்னாரென அறியாத அப்பெண் உள்ளதை உரைத்தாள். பால்குடி மறந்த பிள்ளைகளுக்கே உமர் உதவித்தொகை அளிக்கிறார். ஆகவே பிள்ளையைப் பால் மறக்கடிக்க முயல்கிறேன். அவனோ மறுக்கிறான் என்றாள். பிள்ளையின் வயதோ சில மாதங்களே!

அன்றைய சுபுஹுத் தொழுகையில், அழுகையினால் கலீபாவின் ஓதல் பின்நின்றோருக்கு விளங்கவில்லை. தமது விதியால் எத்தனை மழலைகள் மாண்டனவோ எனக் கலங்கினார்கள். பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் உதவித்தொகை உண்டு, பால் மறக்கடிக்க விரையாதீர்கள் என்று பறைசாற்றச் செய்தார்கள், மாநிலங்களுக்கும் எழுதினார்கள்.

பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புவோருக்கு இரண்டு முழு ஆண்டுகளைத் திருமறையின் அல்பகறா அத்தியாயம், 233ஆம் வசனம் வரையறுக்கிறது. பாலூட்டும் அன்னையின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பாக்குகிறது. முன்னதாகப் பால் மறக்கடிப்பதாயின், பெற்றோர் இருவரும் கலந்து பேசி இசைய வேண்டும் என்கிறது. தாயின் சொல்லுக்கு அங்கே இடமுண்டு.

குழந்தை சுவைக்கச் சுவைக்கப் பால் சுரக்கும். மாற்றுப்பால் புகுந்து சுவைப்பது குறைந்தால் சுரப்பும் குறையும். இது அன்னையர் அனுபவத்தால் கண்டது. மருத்துவமும் அதையே உரைக்கிறது. முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீரும் வேண்டா என்று 2001 முதல் உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது. மாற்றுப்பால் விற்பனைக்கு 1981இல் அந்நிறுவனத்தின் பேரவை நெறிமுறை வகுத்தது; 1992இல் இந்தியா அதன் விளம்பரத்தைச் சட்டத்தால் தடுத்தது.

மதீனத்து அன்னை அறியாமையால் தவறவில்லை. அவளது கையைத் தடுத்தது ஒரு விதி. நம் இல்லங்களில் அவ்விதி வேறு உருவில் நிற்கலாம்: ஓய்வின்மை, ஊட்டமின்மை, பால் போதவில்லை என்னும் உறவினர் சொல். அழும் குழந்தையின் தாயைக் கடியுமுன், அவளைத் தடுப்பது எதுவென வினவுவோமாக!