பழைய ரோட்டரி டியூபா வாங்கப் போறீங்களா? இந்த மூன்றைச் சோதிச்சுப் பாருங்க

"100 வருஷப் பழமை" என்று விளம்பரம் சொல்லும். கருவி என்ன சொல்லுதுன்னு நீங்களே பாருங்க.

முத்திரை: பெல்லில் உள்ள பெயரைப் படியுங்க. 'செக்கோஸ்லோவாக்கியா' என்றிருந்தால் அது 1918-க்கு முந்தையது இல்லை. 'மேற்கு ஜெர்மனி' என்றிருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது. பழம்பெரும் செர்வெனி நிறுவனம் தொடங்கியது 1842-ல். அதனால் நிறுவனப் பெயரை மட்டும் வைத்து வயதைச் சொல்ல முடியாது.

சுருதி: எந்த வால்வையும் அழுத்தாமல் ஊதி, ட்யூனர் ஆப்பில் பாருங்க. பி-ஃபிளாட் டியூபாவின் குழாய் நீளம் சுமார் 5.5 மீட்டர், சி-க்கு 4.9, எஃப்-க்கு 3.7. ட்யூனிங் ஸ்லைடை முழுசா இழுத்தும் சுருதி ஏறியே நிற்குதா? பழங்கால உயர் சுருதிக்குச் செய்ததா இருக்கலாம். இன்றைய 440 ஹெர்ட்ஸ் குழுவோடு சேராது.

வால்வு: பிஸ்டன் மேலும் கீழும் போகும்; ரோட்டரி உள்ளேயே கால் வட்டம் சுழலும். வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடைக் கொஞ்சம் இழுங்க. சில விநாடி கழித்து அழுத்துங்க. 'டப்' சத்தம் வந்தால் காற்று கசியவில்லை. வராவிட்டால் ரோட்டர் தேய்ந்திருக்கலாம். அதைச் சரிசெய்ய நிறைய செலவாகும்.

ஒடுக்கு விழுந்திருந்தால் பயப்படாதீங்க, தட்டி எடுக்கலாம். காற்று கசிந்தால் மட்டும் விலையைக் குறைச்சுக் கேளுங்க, இல்லேன்னா விட்டுடுங்க.