செத்த காலேஜும் உயிர் காலேஜும்

சென்னை அரசு அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியபோது அதில் இருந்தவை பெரும்பாலும் கற்களே. மெட்ராஸ் இலக்கியச் சங்கம் சேர்த்து வைத்திருந்த ஏறத்தாழ 1,100 நிலவியல் மாதிரிகள், கல்லூரிச் சாலையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடியில் அடுக்கப்பட்டன. மெட்ராஸ் மாகாணத்தின் மண்ணில் என்ன கனிமம் கிடைக்கும், காட்டில் என்ன மரம் விளையும் என்று அறிந்துகொள்வதில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆர்வம் இருந்தது. ஊர் மக்கள் வந்து பார்க்க வேண்டும் என்பது அதன் முதல் கவலை அன்று. அந்தக் கவலையைச் சுமந்தவர் முதல் பொறுப்பாளரான எட்வர்டு பால்ஃபர் என்ற மருத்துவர்.

இடம் போதாமல் 1854இல் அருங்காட்சியகம் எழும்பூர் பாந்தியன் வளாகத்துக்கு வந்தது. ஒரு புலிக்குட்டியும் ஒரு சிறுத்தையும் அங்கே கொண்டுவந்து வைக்கப்பட்டன. கல்லைப் பார்க்க வராதவர்கள் புலியைப் பார்க்கத் திரண்டார்கள். இதைக் கண்ட பால்ஃபர், கர்நாடக நவாபின் வசம் இருந்த விலங்குகளையும் கேட்டு வாங்கி, 1855இல் வளாகத்திலேயே விலங்குக் காட்சிசாலை அமைத்தார். விரைவில் அங்கே 300க்கும் மேற்பட்ட விலங்குகள் சேர்ந்துவிட்டன. விலங்குக்காக வந்த கூட்டம் அப்படியே உள்ளே நுழைந்து பாறைகளையும் தானியங்களையும் பாடம் செய்த பறவைகளையும் பார்த்துச் சென்றது. மக்களை வரவழைக்க எதைக் காட்ட வேண்டும் என்ற கேள்விக்குத் தென்னிந்தியாவில் கிடைத்த முதல் விடை இதுதான். பால்ஃபர் காலத்தில் கடலூர், கோயம்புத்தூர், பெல்லாரி, ராஜமுந்திரி போன்ற ஊர்களிலும் சிறு அருங்காட்சியகங்கள் திறக்கப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை ஒரு சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன.

விலங்குகள் 1863இல் சென்ட்ரல் ரயில் நிலையம் அருகே இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாற்றப்பட்டன. அதன்பின் சென்னைவாசிகள் இரண்டு இடங்களுக்கும் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். விலங்குகள் உலவும் இடம் உயிர் காலேஜ், எலும்புக்கூடும் பஞ்சடைத்த உடலுமாக இருக்கும் எழும்பூர் செத்த காலேஜ். அரசு ஆவணங்களில் இல்லாத இந்தப் பெயர்கள் பல தலைமுறைகளுக்கு நிலைத்தன. காணும் பொங்கலன்று மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து இரண்டையும் பார்த்துவிட்டுக் கடற்கரைக்குப் போவது சுற்றுவட்டாரக் கிராமங்களின் வழக்கமாயிற்று. படித்த அதிகாரிகள் இதை வெறும் வேடிக்கை என்று கருதினார்கள். ஆனால், பெயர்ப்பலகையைப் படிக்க முடியாத ஒருவர் திமிங்கில எலும்புக்கூட்டின் கீழ் நின்று பக்கத்திலிருப்பவரோடு அதைப் பற்றிப் பேசுவதைக் கல்வியில் சேர்க்காமல் விடுவதற்கு நியாயம் ஏதுமில்லை.

1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் காலத்தில் வளாகம் விரிந்தது. 1896இல் கன்னிமாரா பொது நூலகம் திறக்கப்பட்டது. அதே காலத்தில் விரிவுரைகளுக்கென அரைவட்ட இருக்கைகளுடன் மியூசியம் தியேட்டரும் எழுந்தது. பின்னாளில் அங்கே பேச்சைவிட நாடகமே அதிகம் நடந்தது. கோஷா எனும் திரைமறைவு முறையைக் கடைப்பிடித்த பெண்களுக்காக, ஆண்களை அனுமதிக்காத தனி நாளும் ஒதுக்கப்பட்டது. மக்கள் வருவதற்குத் தடையாக இருப்பது எது என்று யோசித்து எடுக்கப்பட்ட இந்த முடிவு அக்காலத்துக்குச் சாதாரணமானது அன்று. தர்ஸ்டனின் முயற்சியில் மெரினா கடற்கரையில் உருவான மீன் காட்சிசாலை 1909இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. உயிருள்ளதைக் காட்டினால் கூட்டம் வரும் என்ற பால்ஃபரின் கணக்கு மறுபடியும் பலித்தது.

தர்ஸ்டனின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மனித உடல் அளவுகளைக் கொண்டு சாதிகளை வகைப்படுத்த முயன்றவர் அவர். அருங்காட்சியகம் பார்க்க வந்தவர்களின் மண்டையும் மூக்கும்கூட அவருடைய கருவிகளுக்குத் தப்பவில்லை. அறிவு பெற வந்தவர்களே ஆய்வுப் பொருளாயினர். அந்த அளவீடுகளின் மேல் எழுப்பப்பட்ட முடிவுகளை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் கவனம் ஆய்வின் பக்கம் சாய்ந்தது. கண்காணிப்பாளர் எஃப். எச். கிரேவ்லி காலத்தில் வெளியான அருங்காட்சியக வெளியீடுகள் செப்புத் திருமேனிகளையும் கோயில் கட்டடக்கலையையும் பற்றி அறிய இன்றும் உதவுகின்றன. ஆனால் அவை ஆங்கிலத்தில் இருந்தன. காணும் பொங்கல் கூட்டத்துக்கு எட்டவில்லை. மானிடவியலாளர் ஏ. அய்யப்பன் 1940இல் பொறுப்பேற்றார். விடுதலைக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் தமிழ் விளக்கப் பலகைகள், வழிகாட்டி விரிவுரையாளர்கள், பள்ளி மாணவருக்கான சுற்றுகள் ஆகியவை மெல்ல மெல்ல வழக்கத்துக்கு வந்தன. மாவட்ட அருங்காட்சியகங்கள் பெருகியபோது ஓவியப் போட்டி, கல்வெட்டு வாசிப்புப் பயிற்சி, இம்மாதக் காட்சிப்பொருள் போன்ற சிறு ஏற்பாடுகளும் அவற்றோடு சேர்ந்துகொண்டன. செலவு குறைவு என்பதால் இவற்றை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஒரு வகுப்பு மாணவர்கள் ஒரே ஒரு நடுகல்லின் முன் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படிப்பது, இருபது கூடங்களை ஓட்டமாகச் சுற்றி வருவதைவிடப் பயன் தரும்.

கண்ணாடிப் பெட்டி என்ற கட்டையே அவிழ்த்தது தட்சிணசித்ரா அருங்காட்சியகம். டெபோரா தியாகராஜன் நிறுவிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன், 1996 டிசம்பரில் முட்டுக்காட்டில் அதைத் திறந்தது. இடிபடவிருந்த பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, தூணும் உத்தரமும் கதவுமாகப் பிரித்து எடுத்துவந்து மீண்டும் கட்டினார்கள். வளாக வடிவமைப்பில் லாரி பேக்கரின் பங்கும் இருந்தது. இங்கே திண்ணையில் உட்காரலாம், முற்றத்தில் நிற்கலாம். குயவரின் சக்கரத்தில் குழந்தைகள் கை வைக்கலாம். நெசவாளரிடம் அவர் தொழிலைப் பற்றி நேரே கேட்கலாம். பொருளோடு அதைச் செய்யும் ஆளும் இருப்பதுதான் இதன் பலம்.

அகழாய்வு நடந்த கீழடியில் வரிசையே தலைகீழாயிற்று. அருங்காட்சியகம் வருவதற்கு முன்பே மக்கள் வந்துவிட்டார்கள். 2014-15இல் மத்தியத் தொல்லியல் துறை தொடங்கிய அகழாய்வைப் பின்னர் மாநிலத் தொல்லியல் துறை தொடர்ந்தது. அகழாய்வுக் குழிகள் தனியார் தென்னந்தோப்புகளில் இருந்தன. தோண்டியவர்களில் உள்ளூர் ஆண்களும் பெண்களும் இருந்தார்கள். உறைகிணறுகளையும் செங்கல் கட்டுமானங்களையும் பார்க்க, பள்ளிப் பேருந்துகளும் வேன்களும் வரப்பில் வரிசைகட்டி நின்றன. 2019 நவம்பரில் மதுரை உலகத் தமிழ்ச் சங்கக் கட்டடத்தில் தற்காலிகக் கண்காட்சி திறக்கப்பட்டது. செட்டிநாட்டு வீடுகளின் பாணியில், 18 கோடி ரூபாய்க்கும் அதிகமான செலவில் கட்டப்பட்ட நிரந்தர அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் வந்தது. தொடுதிரைகளும் அசைபடங்களும் அங்கே உண்டு. குழந்தைகள் அவற்றை மொய்க்கிறார்கள். ஆனாலும் பானை ஓட்டில் கீறப்பட்ட ஒரு பெயரைத் தமிழி (தமிழ்-பிராமி) எழுத்தில் கண்டுபிடித்துப் படிக்கும்போது அவர்கள் அடையும் பரபரப்புக்குத் திரை ஈடாகாது.

அதே ஆண்டு ஆகஸ்டில் தூத்துக்குடி மாவட்டம் ஆதிச்சநல்லூரில் களத்திலேயே ஒரு காட்சியகம் திறக்கப்பட்டது. அங்கே முதுமக்கள் தாழிகளை எடுத்துவந்து அடுக்கவில்லை. அகழாய்வுக் குழிகளின் மேல் கண்ணாடித் தளம் போட்டு, கிடந்த இடத்திலேயே அவற்றைப் பார்க்கும்படி விட்டிருக்கிறார்கள்.