முட்டையில்லாத ஓட்ஸ் பிஸ்கட்டும் கலிப்போலிப் போரும்



ஓட்ஸும் தேங்காய்ப்பூவும் போட்டு, முட்டையே சேர்க்காமல் பிஸ்கட் சுடுவது இப்போது நம் வீடுகளிலும் பரவி வருகிறது. அதன் பெயர் 'அன்சாக் பிஸ்கட்'. அன்சாக் ஓர் ஊரல்ல. முதலாம் உலகப் போரில் அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையின் ஆங்கிலப் பெயரிலிருந்து எடுத்த முதலெழுத்துகள்.

அந்தப் படையை ஏற்றிய கப்பல்கள் 1914 நவம்பரில் நம் கொழும்புத் துறைமுகத்தில் தரித்துத்தான் எகிப்துக்குப் போயின. அதே மாதம் இஸ்தான்புலில் உஸ்மானியக் கலீபாவின் பெயரால் ஜிஹாத் அறிவிக்கப்பட்டது. 1915 ஏப்ரல் 25இல் இரு தரப்பும் கலிப்போலிக் கரையில் மோதின. அன்சாக் தரப்பில் 10,000க்கும் மேல் இறந்தார்கள். உஸ்மானியத் தரப்பில் 80,000க்கும் மேல். ஆனால் இதை முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் நடந்த சண்டை என்று சொல்லிவிட முடியாது. அன்சாக் படைக்குத் துணையாக நின்ற இந்திய மலைப் பீரங்கிப் படையில் பஞ்சாபி முஸ்லிம்களும் இருந்தார்கள். பிள்ளைகளுக்கு இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

தாய்மார் சுட்டுக் கலிப்போலிப் பதுங்குகுழிகளுக்கு அனுப்பிய பிஸ்கட் இது என்று ஒரு கதை உலவுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அங்கே சிப்பாய்களுக்குக் கிடைத்ததோ மாவும் தண்ணீரும் சேர்த்துச் செய்த, பல்லை உடைக்கும் பிஸ்கட். சிலர் அதைத் தேய்த்துத் தூளாக்கிக் கஞ்சி காய்ச்சினார்கள். சிலர் அதன் மேலேயே செய்தி எழுதித் தபாலில் வீட்டுக்கு அனுப்பினார்கள்! ஓட்ஸ் பிஸ்கட் பெரும்பாலும் ஊரிலேயே, போர் நிதி திரட்டும் விற்பனைகளில் விலைப்பட்டது. நம் பள்ளிக்கூடச் சந்தைகளில் உம்மாமார் பலகாரம் விற்பதைப் போலத்தான்.

ஆரம்பகாலச் செய்முறைகளில் தேங்காய் இல்லை, பின்னர்தான் சேர்ந்தது. முட்டைக்கு அன்று தட்டுப்பாடு. முட்டை இல்லாத பண்டம் கெடாமல் நாள்பட இருக்கும் என்பதும் வசதி. மாவைப் பிடித்து வைப்பது உருக்கிய பட்டரும் கோல்டன் சிரப்பும்தான். அதில் வெந்நீரில் கரைத்த அப்பச்சோடாவை விட்டதும் நுரைத்துப் பொங்கும். சூட்டோடு ஓட்ஸ், கோதுமை மா, சீனி, தேங்காய்ப்பூவில் ஊற்றிக் கிளற வேண்டும். சிரப்புக்குப் பதிலாக நாங்கள் கித்துள் பாணி விடுகிறோம், வாசம் இன்னும் நன்றாக இருக்கிறது.

வீட்டில் எப்படியும் செய்யலாம். அவுஸ்திரேலியாவில் 'அன்சாக்' என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. சொக்லட் துண்டு போட்டால் அந்தப் பெயரில் விற்க முடியாது. 'குக்கி' என்று அழைக்கவும் விடமாட்டார்கள்.